ஆறு பாயிண்ட் மன்னிப்பு

கோட்டாறு,
19-2-2018

கிளாராவுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படியாகத்தான் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

போனில் நாலு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டேன் என்பதற்காக, "அண்ணாச்சி, இனி வாயால ஒண்ணும் வேண்டாம், எழுதித் தாருங்க" என்று சொல்லி என் எண்ணையே அடைத்துவிட்டாய். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவனுக்கு எழுதத் தெரியாதா? ஆனால் என் கதியைப் பார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸான ஈஸ்வரமூர்த்தி, கோட்டாற்றில் டிடிபி கடை போட்டிருக்கிறவன், பேனா வாங்கப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார ரத்தினம், "என்ன அண்ணாச்சி, கரண்ட் இல்லியா?" என்று கேட்டான். "கரண்ட் இருக்கு மக்கா. கிளாரா பண்ணின கைங்கரியம்" என்றேன்.

புகார் இதுதான். இந்த மாதம் ஏழாம் தேதி நீ தக்கலையிலிருந்து வந்து, என் கம்ப்யூட்டரில் பிராசசருக்குப் புது மைக்ரோகோடு ஏற்றிவிட்டுப் போனாய். எதற்கு என்று கேட்டதற்கு, "பாதுகாப்புக்கு" என்றாய். நானும் சுக்குக்காப்பி வாங்கித் தந்தேன். மறுநாள் முதல், தட்டிய எழுத்து தட்டிய உடனே வருவதில்லை. 'அ' தட்டினால் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் வருகிற மாதிரி யோசித்து யோசித்து வருகிறது. நான் 'மணமகன்' தட்டும்போது திரை இன்னும் 'நிகழும் மங்களகரமான'வில் நிற்கிறது. சரி, அவ்வளவு இல்லை. ஒரு எழுத்து, மிஞ்சினால் ஒன்றரை எழுத்துப் பின்தங்குகிறது. ஆனால் எனக்கு விரலும் கண்ணும் ஒன்றாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் பிழை விழும். நேற்று ஒரு புதுமனை புகுவிழா நோட்டீஸில் பதினோரு பிழை. வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சித்திரையில் என் மகள் கிருஷ்ணப்ரியாவுக்குக் கல்யாணம். அந்த அழைப்பிதழை என் கையால்தான் அடிப்பேன் என்று அவள் பிறந்த அன்றே சொல்லியிருக்கிறேன். ஒழுங்காக வந்து பழையபடி ஆக்கிக் கொடு.

ஈஸ்வரமூர்த்தி


தக்கலை,
22-2-2018

ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள'வை அடித்ததைப் பார்த்தேன். நான் எழுதவே இல்லை. மை மிச்சம்.

கம்ப்யூட்டரில் குறை இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். நீங்கள் என்னிடம் சொல்வதற்கு முன்னால் கோட்டாறு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "கிளாரா கைவச்சா எழுத்து பைய வரும்" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு ஆள் என்னிடமே சொல்கிறார். நான்தான் அந்தக் கிளாரா என்று அவருக்குத் தெரியாது. வடசேரியில் ஏறியவர் வில்லுக்குறி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதுகூடப் போகட்டும். இங்கே மடத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு கம்ப்யூட்டர். ஏழு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். வருகிற வருஷத்துக்கு யாரிடம் கொடுப்பது என்று ஈஸ்டர் கழிந்ததும் முடிவு செய்வார்கள். நேற்று மடத்துத் தலைவி மதர் கூப்பிட்டு, "கிளாரா, உன் அப்டேட்ல எழுத்து தாமசிக்குதாமே? கோட்டாறு ஈஸ்வரமூர்த்தி சாரே சொன்னாராமே" என்று கேட்டார். நீங்கள் சொன்னால் எழுத்து விஷயத்தில் இந்த ஜில்லாவில் மறுபேச்சு கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்.

ஒக்கி புயலில், கடலுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் ராஜமணி ஆள் தப்பிக் கரை சேர்ந்தார். வள்ளம் சேரவில்லை. இப்போது எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் ஸ்க்ரூட்ரைவரால்தான். பொம்பளை என்ன கம்ப்யூட்டர் பார்க்கிறது என்று கேட்ட வாய்களையெல்லாம் ஏழு வருஷமாக வேலை செய்து அடைத்தேன். நீங்கள் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டீர்கள்.

மைக்ரோகோடு என்றால் மந்திரவாதம் இல்லை. ஒரு கட்டளையை எப்படிச் செய்ய வேண்டும் என்று பிராசசருக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும். அதுதான் மைக்ரோகோடு. ஒரு ப்ரோகிராம் இன்னொன்றின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழி இருப்பதாக இந்த ஜனவரியில் உலகத்துக்கே தெரிந்தது. அதை அடைக்கத்தான் புதுக் குறிப்பு. உங்கள் கம்ப்யூட்டருக்குள் பாதி கோட்டாற்றின் ஆதார் நகலும் பத்திரமும் கிடக்கிறது. அதனால் ஏற்றினேன். பெரிய பெரிய வேலைகளில் கொஞ்சம் வேகம் குறையலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு எழுத்து தட்டுவதில் கண்ணுக்குத் தெரிகிற தாமசம் அதனால் வராது.

ஏழாம் தேதிக்குப் பிறகு வேறு ஏதாவது மாற்றினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

கிளாரா


கோட்டாறு,
26-2-2018

கிளாராவுக்கு,

உண்மையைச் சொல்லவா? என்னிடமா இந்தப் பேச்சு? எங்கள் பூதப்பாண்டி சாமி மேல் ஆணை, ஏழாம் தேதிக்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு திருகாணிகூடத் திருகவில்லை. கீபோர்டு அதே கீபோர்டு. மவுஸ் அதே மவுஸ். நான் அதே நான், தொப்பை உட்பட.

ஊரெல்லாம் சொன்னேன் என்பது அபாண்டம். நாலு பேரிடம்தான் சொன்னேன். ரத்தினம். பிறகு ஜாதகம் அடிக்க வருகிற பகவதியம்மாள். அவளிடம் சொன்னது சொன்னதாகாது, அவள் பாதி செவிடு. பிறகு சங்கக் கூட்டத்து நோட்டீஸ் வாங்க வந்தவர்கள், ஏழெட்டுப் பேர் இருக்கும். அவர்களே கேட்டார்கள், "ஏன் பிந்திச்சு?" என்று. நான் பொய் சொல்ல முடியுமா? மதரிடம் நான் நேரில் சொல்லவில்லை. மடத்துக்கு நோட்டீஸ் வாங்கிப் போகிற சத்தியராஜிடம்தான் சொன்னேன். அவன் போய் வைத்தால் அதற்கு நானா பொறுப்பு? கூட்டிப் பார்த்தால் நாலுக்கு மேல் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கணக்கு எப்போதும் மட்டம்.

என் வீட்டுக்காரி அழகியநாயகி இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேற சோலி இல்லியா? அந்தப் பிள்ளைக்க வயித்துல மண்ண வாரிப் போட்டுட்டு இங்க வந்து சோறு கேக்கியளே" என்றாள். சொல்லிவிட்டுச் சோறும் போட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

வள்ளம் போனது எனக்குத் தெரியும் கிளாரா. அதை நான் மறக்கவில்லை. ஆனால் எழுத்து பிந்தி வருகிறது என்பதும் உண்மை. உனக்காக என் கண்ணைப் பொய் சொல்லச் சொல்கிறாயா?

ஈஸ்வரமூர்த்தி


தக்கலை,
2-3-2018

அண்ணாச்சிக்கு,

உங்கள் கண்ணும் வேண்டாம், என் வாயும் வேண்டாம். அளந்து பார்ப்போம்.

உங்களிடம் இருக்கிற அதே போர்டு, அதே பிராசசர் என் கடையில் ஒன்று கிடக்கிறது. அதில் முதலில் பழைய மைக்ரோகோடை வைத்து எழுத்து தட்டினேன். வினாடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கிற போனால், விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தேன். கட்டை அமுங்கியதிலிருந்து எழுத்து தெரிகிற வரைக்கும் எத்தனை படம் என்று எண்ணினேன். பதினாலு. பிறகு உங்களுக்கு ஏற்றிய அதே புதுசை ஏற்றி எண்ணினேன். பதினாலு. இருபது தடவை தட்டியதில் ஒரு தடவை பதினைந்து வந்தது. பழையதிலும் ஒரு தடவை அப்படி வந்தது.

இதுதான் என் வக்காலத்து. அரண்மனை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் போனுக்குச் சார்ஜர் கேட்டு என் கடைக்கு வந்தார். நான் ஒரே எழுத்தை இருபது தடவை தட்டித் தட்டி விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து, சார்ஜர் வாங்காமலே போய்விட்டார். அந்த நஷ்டமும் உங்கள் பேரில்தான்.

கிருஷ்ணப்ரியாவின் போனில் ஸ்லோ மோஷன் இருக்கும். நீங்களும் எடுத்து எண்ணுங்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். கதை வேண்டாம்.

கிளாரா


கோட்டாறு,
7-3-2018

கிளாராவுக்கு,

எண்ணிக்கையை மட்டும் எழுது என்று என்னிடம் சொல்வது, கோட்டாற்றுச் சந்தையில் போய் மெதுவாகப் பேசு என்று சொல்வது போல. இருந்தாலும் சுருக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, அழகியநாயகியைத் தட்டச் சொல்லி நான் படம் பிடித்தேன். முதல் மூன்று தடவை என் கட்டைவிரலைத்தான் படம் பிடித்திருந்தேன். பிறகு சரியாக விழுந்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள, அவள் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தாள். எழுத்து தெரிந்ததும் கொட்டையை எண்ணினோம்.

முப்பத்தைந்து!

உனக்குப் பதினாலு, எனக்கு முப்பத்தைந்து. பத்துத் தடவை எடுத்தோம். முப்பத்துநாலுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை. இனி என்ன சொல்வாய்? கண் பொய் சொல்லலாம், நாக்கு சொல்லலாம், புளியங்கொட்டை பொய் சொல்லுமா? கொட்டையைத் தனியாகப் பொதிந்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அனுப்புகிறேன், நீயே எண்ணிக்கொள்.

படம் தெளிவாக இல்லை என்று சாக்குச் சொல்லிவிடாதே. திரை முப்பத்திரண்டு இஞ்ச், எழுத்து ஒவ்வொன்றும் இட்லி போல இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து என் மச்சினன் ஸ்ரீகுமார் கொண்டுவந்து தந்த டிவி. நீ வந்துபோன மறுநாள்தான் பழைய மானிட்டரைப் பரணில் போட்டுவிட்டு இதை மாட்டினேன். கோட்டாற்றில் எந்த டிடிபி கடையிலும் இவ்வளவு பெரிய திரை கிடையாது. ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று கல்யாண அழைப்பிதழை வாசித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேர் கல்யாணத்துக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ஆக, தோற்றது நீ. எப்போது வருகிறாய்?

ஈஸ்வரமூர்த்தி


தக்கலை,
9-3-2018

அண்ணாச்சி,

டிவியா?

"ஒரு திருகாணிகூடத் திருகவில்லை" என்று சாமி மேல் ஆணையிட்டீர்களே. திருகாணி திருகவில்லைதான், திரையையே மாற்றியிருக்கிறீர்கள்!

டிவி என்பது மானிட்டர் இல்லை. வருகிற படத்தை அப்படியே காட்டாது. நிறத்தைக் கூட்டி, அசைவை வழவழப்பாக்கி, மெருகு போட்டு அதன் பிறகுதான் காட்டும். சினிமா பார்க்கும்போது சத்தத்தையும் படத்தையும் அதுவே சேர்த்துப் பிந்த வைப்பதால் தெரியாது. டைப் அடிக்கிறவனுக்குத்தான் தெரியும். பதினாலுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற இருபத்தொரு புளியங்கொட்டையும் உங்கள் மச்சினனுடையது.

அந்த மஸ்கட் சாமானை வாங்கி மாட்டிவிட்டு, ஒரு மாதமாக என் பேரை ஊர் ஊராக இழுத்தீர்களே. பரணில் ஏறுங்கள். பழைய மானிட்டரை மாட்டுங்கள். எண்ணுங்கள். கொட்டை பத்தாவிட்டால் நான் அனுப்புகிறேன்.

கிளாரா


கோட்டாறு,
12-3-2018

கிளாரா,

பதினாலு.

அதே பெட்டி, அதே மைக்ரோகோடு, பழைய மானிட்டர். ஒன்பது தடவை பதினாலு, ஒரு தடவை பதினைந்து. அழகியநாயகி கொட்டைகளை எண்ணி வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷத்தில் இது மூன்றாவது முறை.

திரை பார்க்கிறதற்குத்தானே, அது எப்படித் தாமதப்படுத்தும் என்று நினைத்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி பிந்திக் காட்டுமா என்ன? அப்படித்தான் என் புத்தி போனது. உன் கையை மட்டும் சந்தேகப்பட்டது. அதே வேலையை ஒரு ஆண்பிள்ளை செய்துவிட்டுப் போயிருந்தால் அத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனா என்று நேற்று முழுக்க யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன் போலத்தான் தோன்றுகிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிவியின் உள்ளே நோண்டியதில் 'கேம்' என்று ஒன்று அகப்பட்டது. அதைப் போட்டால் மெருகு வேலை நின்று பத்தொன்பதுக்கு இறங்கிவிடுகிறது. ஐம்பத்துநாலு வயதில் பதினாறாம் நாள் காரிய நோட்டீஸை கேம் மோடில் அடிக்கிறேன்.

உன் பேரில் நான் போட்ட அழுக்கை நானே கழுவுகிறேன். எந்த நோட்டீஸ் அடித்தாலும் கடைசியில் கடைப் பேர் ஒரு வரி போடுவோம் அல்லவா? இன்று முதல் அதன் பக்கத்தில் இதையும் போடுகிறேன்: 'எங்கள் கடையில் எழுத்து பிந்தி வந்தது டிவியினால். கிளாரா கம்ப்யூட்டர்ஸ், தக்கலை, செய்த வேலையில் குறை இல்லை.' பூதப்பாண்டி முதல் குளச்சல் வரை சுவர் சுவராக ஒட்டும்.

ஈஸ்வரமூர்த்தி


தக்கலை,
19-3-2018

அண்ணாச்சிக்கு,

உங்கள் மன்னிப்பைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக்கூடாது, தேடிக் கண்டுபிடித்தேன்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு காதுகுத்து நோட்டீஸ். தாய்மாமன் பேர் எருமை அளவு. கீழே, பசை வழிந்த இடத்தில், எறும்பு வரிசை மாதிரி ஏதோ போகிறது. குனிந்து பார்த்தால் நான்! ஆறு பாயிண்ட் எழுத்து. ராஜமணி போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் வாசித்தார். "அண்ணாச்சி மன்னிப்பையும் மைக்ரோலதான் போட்டிருக்காரு" என்றார். வள்ளம் போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு மட்டும் நன்றி.

மதரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டார். "இதுல என்ன எழுதியிருக்கு கிளாரா? அச்சகத்துல மை தெறிச்சதா?" என்று கேட்டார். நாகர்கோவிலிலிருந்து இன்னொரு ஆளும் இந்தப் பள்ளிக்கூட வேலையைக் கேட்டிருக்கிறாராம். ஈஸ்டர் முடிந்ததும் சொல்கிறேன் என்றார்.

குற்றம் சொன்னது கோட்டாறு முழுக்கக் கேட்கிற வாயில். திருப்பி எடுத்துக்கொண்டது ஆறு பாயிண்டில். இது எந்த ஊர் நியாயம்? உங்களுக்கு எழுத்து அளவு தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.

கிளாரா


கோட்டாறு,
24-3-2018

கிளாராவுக்கு,

நீ சொன்னது அத்தனையும் சரி. வாடிக்கைக்காரர்களின் நோட்டீஸில் அதற்கு மேல் பெரிதாகப் போட்டால் செருப்பு வரும் என்று பயந்தேன். காதுகுத்துக்காரர் ஏற்கெனவே வந்து, "இதாரு ஓய் கிளாரா? எங்க குடும்பத்துல அப்பிடி ஒரு ஆளு இல்லியே?" என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். ஆனால் யாருடைய அனுமதியும் தேவைப்படாத நோட்டீஸ் ஒன்று என் கையில் இருக்கிறது. அது முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

இத்துடன் கிருஷ்ணப்ரியாவின் கல்யாண அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். பழைய மானிட்டரில், என் கையால் அடித்தது. பிழை ஒன்றும் இல்லை, நீயும் பார். கடைசிப் பக்கத்துக்குத் திருப்பு. அதே வரி. இருபத்துநாலு பாயிண்ட், கொட்டை எழுத்து. சம்பந்தி பேரே பதினெட்டில்தான் இருக்கிறது.

வீட்டில் நடந்ததை எழுதத் தாள் போதாது. ஸ்ரீகுமார், தான் தந்த டிவியை மருமகள் கல்யாணக் கார்டிலேயே அவமானப்படுத்திவிட்டேன் என்று மஸ்கட்டிலிருந்து போனில் குதிக்கிறான். அழகியநாயகி என்னுடன் பேசத் தொடங்கிவிட்டாள். "இப்பதான் ஒங்க அச்சுல எனக்கு வாசிக்க முடிஞ்ச எழுத்து வந்திருக்கு" என்றாள். எழுநூறு அழைப்பிதழ் போய்விட்டது. கிருஷ்ணப்ரியா படித்தது மடத்துப் பள்ளிக்கூடத்தில்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். மதருக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வரியில் விரல் வைத்து, பள்ளிக்கூடப் பையன் போல உரக்க வாசித்துக் காட்டினேன். சத்தியராஜையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன், இதையும் அவன் நாலு இடத்தில் கொண்டுபோய் வைக்கட்டும் என்று.

சம்பந்தி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதாரு, இவ்வளவு பெருசா போட்டிருக்கு? பொண்ணுக்கு அத்தையா?" என்று கேட்டார்.

ஆமா என்று சொல்லிவிட்டேன்.

ஈஸ்வரமூர்த்தி


தக்கலை,
4-4-2018

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஈஸ்டர் கழிந்து மதர் கூப்பிட்டார். முப்பத்தாறு கம்ப்யூட்டரும் வருகிற வருஷத்துக்கும் என்னிடமே. மேசையில் கண்ணாடிக்கு அடியில் உங்கள் அழைப்பிதழ், கடைசிப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி இருந்தது. "அந்த மனுஷன் என் ரூம்ல நின்னு பிரசங்கம் மாதிரில்லா வாசிச்சாரு" என்றார். பிறகு, கார்டைப் பார்த்துவிட்டு மூன்று பேர், தட்டினால் எழுத்து பிந்துகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வீட்டிலும் வெளிநாட்டு டிவி. உங்கள் மச்சினனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்காமல் அத்தையாக்கிவிட்டீர்கள். ஆக்கியது ஆக்கியதுதான். நானும் ராஜமணியும் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவோம். அத்தைக்கு முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும். பிந்தி வருவது எழுத்தாக இருக்கலாம், பந்தியில் பாயசமாக இருக்கக்கூடாது.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். அதற்காக உடனே கூப்பிட வேண்டாம். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்லவும் வேண்டாம். அது இன்னும் இருக்கிறது, ஆறு பாயிண்டில். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

கிளாரா